அனுப்பிய கை

காட்டுப்பள்ளித் துறைமுகத்திலே கப்பலேறும் ஒவ்வொரு சரக்குப் பெட்டகத்துக்கும் எண் உண்டு. பூட்டிய கதவுக்கு முத்திரை உண்டு. அனுப்புவோர் யார், உள்ளிருப்பது என்ன என்று தாள் காட்டாமல் அது கரை கடப்பதில்லை. இரும்புக்கும் துணிக்கும் இத்தனை கேள்வி! நம் கைப்பேசி வழியே ஊர் கடக்கும் செய்திக்கோ, ஒரு கேள்வியும் இல்லை!

அத்துறைமுகத்துக்கு வடக்கே பழவேற்காடு. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்போர் வந்துவிட்டனர் என்ற வதந்தி வாட்ஸ்அப்பிலே பறந்தது. மனநலம் குன்றியவராகக் கருதப்பட்ட ஒருவரைக் கூட்டம் அடித்துக் கொன்று, பாலத்திலே தொங்கவிட்டது. அதே மாதம் போளூருக்கு அருகே, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த 65 வயது மூதாட்டியும் அதே ஐயத்துக்குப் பலியானார்.

அடித்த கையிலே இரத்தம் தெரிந்தது. அனுப்பிய கையிலே எதுவும் தெரியவில்லை. "குழந்தைகளைக் காக்கும் நல்லெண்ணத்தால்தானே அனுப்பினோம்?" என்பர். நல்லெண்ணம் மட்டும் போதுமா, தோழர்களே? அம்மை கண்ட பிள்ளைக்கு மருந்து மறுத்த பெற்றோரிடமும் நல்லெண்ணம் இருந்தது, ஆராய்ச்சிதான் இல்லை!

2023 மார்ச்சில், வேறிடத்துச் சண்டைக் காட்சிகளைக் காட்டி, தமிழகத்திலே பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய் பரப்பினர். உழைத்துப் பிழைக்க வந்தோர் உள்ளத்திலே அச்சம் புகுந்தது. கும்மிடிப்பூண்டி ஆலைகளிலே நம்மோடு தோள் சேர்ந்து உழைப்போரும் வடபுலத்தார் அல்லரோ?

பகுத்தறிவாளர் என்று நிமிர்ந்து நிற்கும் நாமும் நெஞ்சைத் தொட்டுச் சொல்வோம். புராணத்தைப் பார்த்து "ஆதாரம் எங்கே?" என்று கேட்கிறோம். மாற்றாரை இழிவுபடுத்தும் படம் ஒன்று வந்தால், அதே கேள்வியைக் கேட்கிறோமா? பிடிக்காததை மட்டும் ஆராய்வது பகுத்தறிவு அன்று, விருப்பு வெறுப்பு!

2018இல் வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்குமேல் அனுப்பமுடியாதபடி இந்தியாவிலே வரம்பு கட்டியது. வரம்பு வேகத்தைக் குறைக்கும்; அறிவைத் தராது. கைப்பேசியைப் பறிப்பதும் கல்வி ஆகாது. அதே ஆண்டு கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் வேறு வழி கண்டது. 150 அரசுப் பள்ளிகளிலே, பொய்ச் செய்தியை இனங்காண மாணவருக்குப் பாடம் நடத்தியது.

நம் பள்ளிகளிலும் அப்பாடம் நுழையட்டும். சொன்னவர் யார்? எங்கே, எப்போது நடந்தது? பொய்யானால் அடி விழுவது யார் முதுகில்? இம்மூன்றையும் கேட்டபின் விரல் அசையட்டும். விடை கிடைக்காவிடில் செய்தி நம்மோடு நிற்கட்டும். அனுப்பாமல் அடக்கிய விரல், ஓர் உயிரைக் காத்த விரலாக இருக்கக்கூடும்!