சமாதானமா? நியாயமா?

சண்டையில்லாத குடும்பம் உலகில் யாண்டும் இல்லை. சோறு பொதுவாயிருக்கும் இடத்தில் சொல் மோதுவதும், சொத்து பொதுவாயிருக்கும் இடத்தில் மனம் மோதுவதும் மனித இயல்பு. ஆதலால், பிணங்கிய இருவரிடையே அமர்ந்து இணக்கம் உண்டாக்குவோரை எல்லாச் சமூகங்களும் போற்றி வந்திருக்கின்றன. ஆனால், நாம் இங்கு ஒரு கேள்வியை எழுப்ப விரும்புகிறோம். அவ்வாறு நடுவில் அமர்வோர் நாட வேண்டியது சமாதானமா? நியாயமா? இரண்டும் ஒன்றே என்று பலர் எண்ணுகின்றனர். ஒன்றல்ல என்பதே நமது துணிபு. இதனை விளக்குவதற்கு, ஸ்பானிய மொழி பேசும் மக்கள் இத்துறையில் கற்றதையும், கற்பதற்கு முன் பட்டதையும் எடுத்துக் கொள்வோமாக.

ஸ்பெயின் தேசத்தில், குடியரசு ஆட்சி நடந்த 1932-ஆம் ஆண்டில், மணவிலக்குச் சட்டம் பிறந்தது. உள்நாட்டுப் போரில் வென்ற பிராங்கோவின் ஆட்சி 1939-இல் அதனை ரத்துச் செய்தது. அவ்வுரிமை மீண்டும் வந்தது 1981-இல்தான். இடைப்பட்ட நாற்பத்திரண்டு ஆண்டுகள், ஒவ்வாத மணத்தை முறித்துக் கொள்ள மக்களுக்கு வழியில்லை. அன்றியும், மணமான பெண் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கும் கணவனுடைய அனுமதி வேண்டும் என்னும் விதி 1975 வரையில் நீங்கவில்லை. இத்தகைய காலத்தில் ஊர்ப் பாதிரியாரோ மூத்த உறவினரோ சமாதானம் பேச வந்தால், அப்பெண்ணிடம் என்னதான் பேசியிருக்க முடியும்? வெளியேற வழியில்லாதவளிடம், "பொறுத்துக் கொள்" என்பதைத் தவிர வேறு சொல் ஏது? வீடு அமைதியாயிருந்திருக்கும், ஆனால், அது பூட்டிய அறையின் அமைதி.

உரிமைகள் வந்த பிறகே, நடுவில் அமர்வது ஒரு கலை என்றும், அது கற்க வேண்டியது என்றும் அந்நாட்டார் உணரலாயினர். கட்டலோனியா மாநிலம் 2001-இல் குடும்பச் சமரசத்துக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்கும் 2012-இல் பொதுச் சட்டம் ஒன்று வந்தது. சமரசர் ஆக விரும்புவோர் குறைந்தது 100 மணி நேரம் பயில வேண்டும் என்றும், அதில் நூற்றுக்கு 35 பங்கேனும் செய்முறைப் பயிற்சியாயிருக்க வேண்டும் என்றும் 2013-ஆம் ஆண்டு ஆணை வகுத்தது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 3 முதல், பெரும்பாலான சிவில் வழக்குகளில், நீதிமன்றத்தின் கதவைத் தட்டுமுன் ஏதேனும் ஓர் இணக்க வழியை முயன்று பார்த்திருக்க வேண்டும் என்றும் ஆயிற்று.

வயது முதிர்ந்தால் தானே வந்துவிடும் என்று நாம் நினைக்கும் ஒன்றை, மணிக்கணக்கிட்டு ஏன் கற்பிக்க வேண்டும்? ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். தாய் இறந்தபின் அண்ணனும் தங்கையும் வீட்டுக்காக வழக்காடுகின்றனர். "வீடு எனக்கே" என்கிறார் அண்ணன். "சரிபாதி வேண்டும்" என்கிறார் தங்கை. தீர்ப்புச் சொல்பவர் வீட்டை அளந்து கூறிடுவார். பயின்ற சமரசரோ, "வீடு ஏன் வேண்டும்?" என்று கேட்பார். நோயுற்ற தாயைப் பத்தாண்டுகள் பார்த்துக் கொண்டதை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லிப் பாராட்டவில்லை என்பது அண்ணன் மனத்திலுள்ள புண். கடைசி நாட்களில் தமக்குச் செய்தி சொல்லப்படவில்லை என்பது தங்கையின் புண். கேட்பது ஒன்று; வேண்டியிருப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவதே அக்கல்வியின் முதற்பாடம்.

மொழியும் இதில் சேரும். நம் தமிழில் 'நீ' என்றும் 'நீங்கள்' என்றும் இருப்பது போலவே, ஸ்பானியத்தில் 'தூ' என்றும் 'உஸ்தேத்' என்றும் உண்டு. ஸ்பெயினில், நேற்றுவரை 'தூ' என்றழைத்த உடன்பிறந்தாரை இன்று ஒருவர் 'உஸ்தேத்' என்றால், அது மரியாதையன்று. உறவுக் கதவை அடைத்தமைக்கு அடையாளம். கொலம்பியாவின் பொகோத்தா முதலிய இடங்களிலோ கணவன் மனைவியர் அன்போடும் 'உஸ்தேத்' என்றே அழைத்துக் கொள்வதுண்டு. ஒரே சொல் ஓரிடத்தில் பகை, மற்றோரிடத்தில் நேசம். இதனை அறியாதவர் நடுவில் அமர்ந்தால், காயத்தைத் தடவுவதாக எண்ணிக் கீறிவிடுவார்.

கொலம்பியா வேறொரு வழியையும் கண்டது. 1991-ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கி வைத்த ஏற்பாட்டின்படி, பேட்டைகளிலும் கிராமங்களிலும் உள்ள பொதுச் சங்கங்கள் நற்பெயருள்ளோரின் பட்டியலைத் தர, நீதித்துறை அதிலிருந்து சமரசர்களைத் தெரிந்தெடுக்கும். அவர்கள் வக்கீல்களாயிருக்க வேண்டுவதில்லை. ஊதியமும் இல்லை. சட்ட நூலைப் புரட்டாமல், சமூகத்தின் நியாய உணர்வைக் கொண்டே பேசுவர். அவர் முன்னிலையில் செய்த உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே கட்டுப்படுத்தும். ஏழை மக்களின் வாயிலுக்கே நியாயத்தைக் கொண்டு வந்த இவ்வேற்பாடு பாராட்டுதற்குரியது. ஆயினும், ஓர் ஐயம் எழாமலில்லை. அச்சமூகத்தின் நியாய உணர்வே கோணலாயிருந்தால்? பெண் என்றால் அடங்க வேண்டும் என்பதே ஊரின் கருத்தாயின், ஊரிலிருந்து வந்த சமரசரின் கருத்தும் அதுவாகத்தானே இருக்கும்? அளவுகோலே கோணியிருந்தால், அளப்பவர் நல்லவராயிருந்தும் என்ன பயன்?

இவ்வையத்திற்கு ஸ்பெயின் 2004-ஆம் ஆண்டில் துணிவான விடை ஒன்று தந்தது. மனைவியையோ வாழ்க்கைத் துணையாயிருந்த பெண்ணையோ ஆடவன் வன்செயலால் துன்புறுத்திய வழக்குகளில் சமரசம் பேசுவதையே அவ்வாண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. ஓங்கிய கைக்கும் ஒடுங்கிய தலைக்கும் இடையே நடு என்று ஓர் இடமே இல்லை என்பதுதான் அதன் பொருள்.

இது நடுநிலைமைக்கு மாறல்லவா என்று சிலர் வினவலாம். வள்ளுவர் நடுவு நிலைமைக்குத் துலாக்கோலை உவமையாக்கினார். ஒரு தட்டை ஒருவன் விரலால் அழுத்திக் கொண்டிருக்கையில், கோலை மட்டும் உற்றுப் பார்த்து எடை சொல்பவர் நடுநிலையாளர் ஆவாரா? முதலில் விரலை எடுக்கச் சொல்பவரே நடுநிலையாளர். எல்லாவற்றையும் சட்டத்திடம் விட்டால் பாசம் பட்டுப்போகும் என்பாரும் உளர். அதில் உண்மையுண்டு. வழக்கில் வென்று உடன்பிறந்தாரைத் தோற்றவர் பலர். அதனாலேயே சமரசம் வேண்டும் என்கிறோம். ஆனால், அஞ்சுகிறவரின் தலையசைப்பைச் சம்மதம் என்று எழுதிக் கொள்வது சமரசமன்று.

இதை நாம் புத்தகத்தில் மட்டும் கற்கவில்லை. தோட்டத்துக் கிராணி, நாலெழுத்து ஆங்கிலம் படித்தவர் என்பதற்காக ஒரு குடும்பத்தார் நம்மையும் நடுவில் அமர்த்தியதுண்டு. கணவர் நெடுநேரம் பேசினார். மனைவி கதவோரம் நின்றார். அவர் மாமியாரும் பெரியவர்களும் சூழ்ந்திருக்க, "நீ என்னம்மா சொல்கிறாய்?" என்று கேட்டோம். "நீங்கள் சொல்கிறபடியே ஆகட்டும், ஐயா" என்றார். சேர்ந்து வாழுங்கள் என்றோம், தேநீர் அருந்தினோம், நல்ல காரியம் செய்ததாக எண்ணி வீடு திரும்பினோம். மூன்று மாதங் கழித்து அப்பெண் காரியாலயச் சன்னலருகே வந்து, தம் சம்பளத்தைத் தம் பெயரில் மட்டும் உள்ள வங்கிக் கணக்கில் போட இயலுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். சண்டை எதைப்பற்றியது என்று அன்றுதான் நமக்கு விளங்கியது. அவரைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றே விளங்கியிருக்கும். கேட்க நமக்குத் தோன்றவில்லை. அவருடைய மௌனத்தை நாம் சமாதானம் என்று பெயரிட்டு வந்தோம்.

வாசகர்களே! நாளை உங்களையும் ஒருவர் நடுவில் அமர அழைக்கலாம். அமருமுன், இருவரையும் தனித்தனியே கேளுங்கள். "வேண்டாம்" என்று சொன்னால் தமக்கு என்ன நேரும் என்பதை ஒவ்வொருவரும் அச்சமின்றிச் சொல்லட்டும். "வேண்டாம்" என்று சொல்ல இயலாதவரின் "சரி"யில் பொருளில்லை. நியாயம் முன்னே நடக்கட்டும். சமாதானம் அதன் பின்னே தானே வரும். சமாதானத்தை முன்னே நடத்தினால், நியாயம் ஒருநாளும் வந்து சேராது.