சிறுவர் நூலகத் தளபாடமும் அறநோக்கும்

பொது நூலகமொன்றின் சிறுவர் பகுதிக்கு எத்தகைய கதிரையும் மேசையும் வாங்குவது என்பது ஒழுக்கவியல் சார்ந்த வினாவாகுமா என ஐயுறுவோர் உளர். கணக்காளருக்கும் தச்சருக்கும் உரிய சிறு காரியமாகவே அது பொதுவாகக் கருதப்படுகின்றது. விலைமனுக் கோரப்படுகின்றது; குறைந்த விலை கூறியவர் தெரிவு செய்யப்படுகின்றார்; பொருட்கள் வந்து சேர்கின்றன. இந்நடைமுறையின் எக்கட்டத்திலும் அக்கதிரையில் அமரப்போகும் பிள்ளை தோன்றுவதில்லை. பிள்ளைக்கு வாக்குரிமை இல்லை. சபையில் எழுந்து முறையிடும் வழியும் இல்லை. தன் தேவையைத் தானே எடுத்துரைக்க இயலாத ஒருவருக்காகப் பிறர் தெரிவு செய்யுமிடத்து, தெரிவு செய்வோரின் நீதியுணர்வே சோதனைக்குள்ளாகின்றது. அவ்வகையில் நோக்கின், கதிரையின் உயரத்தைக் கொண்டு ஒரு சமூகம் தன் பிள்ளைகளை எவ்வாறு மதிக்கின்றது என்பதையும் அளந்தறியலாம்.

இலங்கையில் பொது நூலகங்கள் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பில் இயங்குவன. அம்பாறை மாவட்டக் கரையோரத்தில், 2011இல் மாநகர சபையாகத் தரமுயர்த்தப்பட்ட அக்கரைப்பற்றை இவ்வினாவுக்குரிய களமாகக் கொள்ளலாம். வயலும் கடலும் வணிகமும் வாழ்வளிக்கும் இத்தகைய ஊர்களில், வீட்டிலே தனியாகப் படிப்பதற்கு ஒரு மேசை வாய்க்கப்பெறாத பிள்ளைகள் பலர். அவர்களுக்கு நூலகத்து மேசையே முதல் மேசை. ஊர் தமக்கென ஒதுக்கிவைத்த முதல் இருக்கையும் அதுவே. அது அவர்களுக்குப் பொருந்துகின்றதா என்பது சிறு வினாவன்று.

வளர்ந்தோருக்கான கதிரையின் இருக்கை ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் உயரமுடையது. பாடசாலைத் தளபாடங்களுக்கென ஐரோப்பிய நாடுகள் வகுத்துள்ள அளவுமுறையோ, ஏறத்தாழ 120 முதல் 140 சென்ரிமீற்றர் வரை உயரமுள்ள பிள்ளைக்கு 35 சென்ரிமீற்றர் உயர இருக்கையையும், அதனினும் சிறிய பிள்ளைகளுக்கு 31, 26 சென்ரிமீற்றர் உயர இருக்கைகளையும் விதிக்கின்றது. இருக்கை உயர்ந்துவிடின் பாதம் நிலத்தில் ஊன்றாது, தொடையின் அடிப்பகுதி இருக்கை விளிம்பில் அழுந்தும், கால் மரத்துப்போகும், பிள்ளை நெளியும். அந்நெளிவைக் கண்ணுறும் வளர்ந்தோர், அடக்கமற்ற பிள்ளையெனக் கடிந்துகொள்வர். கதிரையின் குற்றம் பிள்ளையின் குணக்குறையாக மாறிவிடுகின்றது. பொருந்தாத ஏற்பாட்டை வகுத்தவர் கண்ணுக்கு மறைந்துவிட, அதனுள் அடங்க மாட்டாதவர் குற்றவாளியாவது அநீதியின் பழைய இயல்பாகும்.

கிரேக்கப் புராணக் கதையொன்றிலே புரொக்ரஸ்டிஸ் என்னும் கொடியவன், தன் இல்லத்துக்கு வந்தோரையெல்லாம் ஒரே கட்டிலிற் கிடத்தி, நெடியவரின் காலை வெட்டியும் குறியவரின் உடலை இழுத்து நீட்டியும் கட்டிலுக்குப் பொருத்தினான் எனக் கூறப்படுகின்றது. எல்லோருக்கும் ஒரே கட்டில் என்பது புறத்தே சமத்துவம் போலத் தோன்றும். சமமல்லாதோருக்குச் சமமான பங்களிப்பதும் அநீதியாகலாம் என அரிஸ்ரோட்டில் சுட்டியது இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. மதிப்பு சமமாக இருத்தல் வேண்டுமாயின் அளவு வேறுபடல் வேண்டும். வளர்ந்தவரின் பாதம் எவ்வாறு நிலத்தில் ஊன்றுகின்றதோ, அவ்வாறே பிள்ளையின் பாதமும் ஊன்ற வேண்டும் என்பதே ஈண்டு சமத்துவம்.

இருக்கைக்கு உரியது நூல் வைக்கும் தட்டுக்கும் பொருந்தும். சீர்காழியிற் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் விளங்கிய எஸ். ஆர். இரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள், நூல்கள் பயன்படுத்தப்படுவதற்கே உரியன என்பதை முதல் விதியாக வைத்தார். நூலகத்தின் அமைவிடம், திறந்திருக்கும் நேரம், தளபாடம் ஆகியவற்றையும் அவ்விதியின் வழியே அவர் ஆராய்ந்தமை மனங்கொள்ளத்தக்கது. கைக்கெட்டாத தட்டிலோ பூட்டிய அலுமாரியிலோ உள்ள நூல், பிள்ளையைப் பொறுத்தவரை இல்லாத நூலேயாகும். எடுத்துத் தருமாறு கேட்கலாமே எனின், கேட்கக் கூசும் பிள்ளைதான் நூலகத்தை மிகுதியும் வேண்டி நிற்பது என்பது மறக்கப்படுகின்றது. தானே எழுந்து சென்று, தானே தெரிந்து, பிடிக்காவிடின் தானே திருப்பி வைக்கும் செயலிலேதான் சுதந்திரத்தின் முதற்பாடம் அடங்கியுள்ளது.

தளபாடம் பிள்ளையின் இயக்கத்தையும் வரையறுக்கின்றது. அமெரிக்கத் தத்துவஞானி ஜோன் டூயி, 1899இல் வெளிவந்த தமது நூலில், பிள்ளைகளுக்கேற்ற மேசைகளைத் தேடிக் கடைகள்தோறும் அலைந்ததைக் குறிப்பிடுகின்றார். அவர் நாடுவது பிள்ளைகள் வேலை செய்வதற்கான மேசை என்றும், கடையில் உள்ளவையோ கேட்டுக்கொண்டிருப்பதற்கானவை என்றும் வணிகரொருவர் உண்மையை உடைத்துக் கூறினாராம். 1907இல் உரோம் நகரிலே குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மொண்டிசோரி, குழந்தை தானே தூக்கி நகர்த்தக்கூடிய இலேசான கதிரைகளை அமைப்பித்தார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, 1944இல் இலங்கையிலும் கால்பதித்த அவரது பெயரே இந்நாட்டில் முன்பள்ளிக்கு வழங்குபெயராக நிலைத்துள்ளது. பெயரை ஏற்ற அளவுக்கு அவரது கதிரையை இந்நாடு ஏற்றதா என்பது வேறு வினா.

இதற்கு எதிராகக் கூறப்படும் நியாயங்களும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. இலேசான கதிரை விழுந்து ஓசையெழுப்பும், ஒழுங்கு குலையும் என்பர். மொண்டிசோரி இதற்குத் தந்த விடை கூர்மையானது: கதிரை விழும்போதே பிள்ளை தன் அசைவின் பிழையை அறிகின்றது, நிலத்தோடு பிணைக்கப்பட்ட வாங்கில் அப்பிழை வெளிப்படுவதுமில்லை, திருந்துவதுமில்லை. இரண்டாவது நியாயம் செலவு பற்றியது. உள்ளூராட்சி மன்றத்தின் நிதி மட்டுப்பட்டது. பிள்ளைகளோ விரைந்து வளர்பவர்கள் என்பது மெய்யே. எனினும் வளர்ந்து செல்லும் ஒவ்வொரு பிள்ளையின் பின்னும் இன்னொரு பிள்ளை வருகின்றது. சிறு கதிரை வெறுமையாவதில்லை.

மேலும், பொருத்தமானது விலையுயர்ந்ததாக இருத்தல் வேண்டுமென்பதில்லை. கடற்காற்றின் உப்பு இரும்பை அரிக்கும் ஊரிலே உள்ளூர்த் தச்சர் செய்யும் மரத்தளபாடம் நீடித்து உழைக்கும். கால் முறிந்தால் அவரே திருத்தித் தருவார். தரையிலமர்ந்து கற்றல் இம்மண்ணுக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியிலே பிள்ளைகள் மணலில் எழுதினர். குர்ஆன் மத்ரஸாவிலே பாயிலமர்ந்து, மடக்குப் பலகையில் வேதத்தை விரித்து வைத்து ஓதுகின்றனர். அம்மடக்குப் பலகை பிள்ளையின் உடலையும் நூலின் மாண்பையும் ஒருசேர எண்ணி அமைந்த அரிய தளபாடம். பாயும் தாழ்ந்த மேசையும் கொண்ட ஒரு மூலை, வெப்பமான இக்கரையில் எல்லா வயதுப் பிள்ளைக்கும் பொருந்தும். ஆனால் கதிரை வாங்காமைக்குப் பாய் சாக்காகிவிடலாகாது. தரையில் அமர இயலாத பிள்ளைக்குக் கதிரையும், சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு முழங்கால் நுழையும் மேசையும், பிள்ளைக்கு வாசித்துக் காட்ட வரும் தாய்க்கு அருகே ஓர் இருக்கையும் வேண்டும்.

பிறிதொன்றும் எண்ணத்தக்கது. அக்கரைப்பற்றிலே முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். ஆயினும் பிள்ளைகள் பெரும்பாலும் தத்தம் பாடசாலைகளிலேயே பயில்கின்றனர். இரு சாராரின் பிள்ளைகளும் ஒரே மொழியில் ஒரே நூலை விரித்து அருகருகே அமரக்கூடிய இடங்கள் சிலவே. அவற்றுள் பொது நூலகம் ஒன்று. தனித்தனிச் சாய்மேசைகளை வரிசையாக இட்டால் அயலவரின் முதுகையே பிள்ளை காணும். நால்வர் சூழ்ந்தமரும் வட்ட மேசையை இட்டால் முகத்தைக் காணும். பொது என்னும் சொல்லுக்குப் பிள்ளை கற்கும் முதற்பொருள் அம்மேசையிலேயே எழுதப்படலாம்.

எனவே வாங்குமுன் கேட்டல் வேண்டும். 2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கிய பின்னர் இக்கரைக்கு வந்த கொடைகள் அளப்பரியன. கொடையேயாயினும் பெறுவோரைக் கேளாது தரப்படுவது பொருந்தாது போகலாம் என்பதை அக்காலம் உணர்த்திற்று. 1989இல் நிறைவேறி, 1991இல் இலங்கையும் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயம், தம்மைப் பற்றிய விடயங்களிற் பிள்ளைகளின் கருத்துக்கு மதிப்பளிக்குமாறு பணிக்கின்றது. இதற்குப் பெரிய ஆய்வு வேண்டியதில்லை. மாதிரிக் கதிரைகள் சிலவற்றை ஒரு வாரம் நூலகத்தில் இட்டு, பிள்ளைகள் எதனை நாடுகின்றனர் என நோக்கினாலே போதும். பேசத் தெரியாத பிள்ளையும் அமர்ந்து காட்டும். அதனைக் கண்ட பின்னர் விலைமனுவில் எழுதப்படும் அளவு நீதியான அளவாக இருக்கும்.