மூன்றாவது துளை

அண்ணன் மகள் பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள். பைத்தான் பாடத்தை இதுவரை செல்போனிலேயே எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கும் பொருள் உண்டு. ஓரிடம் பிசகினால் புரோகிராம் ஓடாது. உள்ளங்கை அகலத் திரையில் அந்த ஓரிடத்தைத் தேடி அவளுக்குத் தலை வலிக்கும். "பழசா இருந்தாலும் பரவால்ல சித்தப்பா, பெருசா ஒரு ஸ்க்ரீன் இருந்தா போதும்" என்றாள். அண்ணன் காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் பார்க்கும் மெக்கானிக். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளெல்லாம் கரையில் நிற்கும்போதுதான் அவருக்கு வேலை அதிகம். அந்தப் பணத்தில் பன்னிரண்டாயிரம் வரைக்கும் போகலாம் என்றார். பாகங்களை வாங்கினால் கடையிலேயே கம்ப்யூட்டராக மாட்டிக் கொடுப்பார்கள். நாமே மாட்டுவோம் என்று சொன்னது அவள்தான். எனக்கு உள்ளுக்குள் பயம். அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

*

'அசெம்பிள்' என்ற சொல் கம்ப்யூட்டருக்கு வெகு காலம் முன்பே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அப்பாவுக்கு எண்ணூரில் வேலை. எந்த செக்‌ஷன் என்று யாராவது கேட்டால் "அசெம்பிளி" என்பார். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் நிமிரும்.

1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ்தான் பிறகு அசோக் லேலண்டு ஆனது. எண்ணூரில் அவர்கள் முதலில் செய்தது லாரி இல்லை. இங்கிலாந்திலிருந்து பாகம் பாகமாக வந்த ஆஸ்டின் கார்களை மாட்டிச் சேர்த்தார்கள். திருவொற்றியூர் புல்லட்டின் கதையும் அதேதான். 1955-ல் என்ஃபீல்டு தொடங்கியபோது பாகங்கள் ரெட்டிச் என்ற ஊரிலிருந்து வந்தன. சில வருஷங்களில் பாகங்களும் இங்கேயே வார்க்கப்பட்டன. வேறு எங்கோ செய்த பொருளைப் பெட்டியிலிருந்து எடுத்து, எது எதற்குள் போகும் என்று கை நிதானமாகப் பார்த்துப் பழகிய ஊர் இது. ஒரு பள்ளிக்கூடப் பெண் தரையில் செய்தித்தாள் விரித்து மதர்போர்டை வைப்பதை அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும்.

*

திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கிற தூரம்தான். 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது. அதற்கு முன் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ரேடியோ உதிரிகளில் தொடங்கிய தெரு அது. இப்போது மாடிப்படிக்கு அடியில்கூட ஒரு கடை. ஏதோ ஆபீஸில் கழித்துவிட்ட மெஷினிலிருந்து எடுத்த நான்காம் தலைமுறை ஐ-5 ப்ராசஸர், அதற்குப் பொருந்தும் புது மதர்போர்டு, 4 ஜிபி ராம் இரண்டு, 256 ஜிபி எஸ்எஸ்டி, கேபினெட், எஸ்எம்பிஎஸ், பழைய மானிட்டர். எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் பழசு வேண்டாம் என்று உறுதியாக இருந்தேன். கரண்ட் உள்ளே வரும் வாசல் அது. அங்கே மிச்சம் பிடித்தால் மற்ற எல்லாவற்றையும் பணயம் வைத்த மாதிரி.

அந்த ப்ராசஸர் 2013-ல் வந்தது. விண்டோஸ் 11 அதை ஏற்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. எத்தனையோ ஆபீஸ்கள் நல்ல மெஷின்களை வெளியே தள்ள இது ஒரு காரணம். ஆனால் லினக்ஸ் அதில் தாராளமாக ஓடும், காசும் கேட்காது. தமிழக அரசு 1999-ல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும். பைத்தான் எழுத, தமிழ் தட்ட, ஒரு மாணவிக்கு வேறென்ன வேண்டும்?

*

ஞாயிற்றுக்கிழமை காலை. ஜன்னலைச் சாத்தி ஃபேனை நிறுத்தினோம்.

ப்ராசஸர் ஒரு பிஸ்கட்டைவிடச் சின்னது. அது உட்காரும் இடத்தில் 1150 ஊசிகள். அந்த சாக்கெட்டின் பெயரே அந்த எண்தான். சாய்த்துப் பார்த்தால் வெயிலில் புல்வெளி போல ஒரே பக்கமாகப் படுத்து மின்னும். அதில் ஒன்று வளைந்தாலும் போச்சு. ப்ராசஸரின் மூலையில் ஒரு சின்ன முக்கோணம், சாக்கெட்டிலும் ஒரு முக்கோணம். இரண்டையும் நேராக்கி அப்படியே விட்டுவிட வேண்டும், அழுத்தக் கூடாது. அவள் விட்டாள். அதன் கனத்திலேயே அது உட்கார்ந்தது. பிறகு கம்பியை மடக்கும்போது மட்டும் கறக் என்று ஒரு சத்தம் வரும். நான் பயந்தேன். அவள் பயப்படவில்லை.

அதன்மேல் கூலரை வைக்கும் முன் வெள்ளைப் பசை, உளுந்து அளவு. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் இரண்டு உலோகங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தாலும் நடுவே நுண்ணிய பள்ளங்களில் காற்று நிற்கும். காற்று சூட்டை எளிதில் கடத்தாது. அந்தப் பள்ளங்களை நிரப்பத்தான் பசை. அதிகம் வைத்தால் குளிர்ச்சி கூடாது.

எல்லாம் மாட்டி சுவிட்சைப் போட்டோம். ஃபேன் சுற்றியது. திரை கருப்பாகவே இருந்தது. நிறுத்திப் போட்டோம், அப்போதும் கருப்பு.

அவள் ராமைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். அடியோரத்தில் வரிசையாக 240 தங்க முலாம் பூசிய பட்டைகள், பக்கத்துக்கு 120. அதன்மேல் மங்கலாக ஒரு படலம். ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த ரப்பரை எடுத்து, ஒரே திசையில், மெதுவாக, தேர்வுத்தாளில் பென்சில் கோட்டை அழிப்பது போலத் தேய்த்தாள். ரப்பர் கறுத்தது. தூளை ஊதாமல் துணியால் தட்டினாள். ஊதினால் எச்சில் ஈரம் படும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். திரும்ப மாட்டினாள். இரண்டு பக்கக் கிளிப்பும் தானாக எழுந்து கவ்வின.

திரையில் வெள்ளை எழுத்து வந்தது. நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

*

எங்கள் தெருவில் இரும்பு கேட் மூன்று வருஷத்தில் உதிரும். செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். ஜன்னல் கம்பியை நக்கினால் உப்புக் கரிக்கும், சின்ன வயதில் செய்திருக்கிறோம். காற்றோடு வரும் உப்பு எதன்மேலும் மெல்லிய படலமாகப் படியும். ஈரப்பதம் ஏறும்போது அது காற்றிலுள்ள தண்ணீரை உறிஞ்சி நனையும். ஒரு மெஷினில் இது முதலில் தாக்குவது இரண்டு பொருள்கள் சந்திக்கும் இடத்தைத்தான்.

அண்ணன் சாயங்காலம் வந்து பார்த்தார். அவர் சொன்னது ஒன்றே ஒன்று. "டெய்லி அரை மணி நேரமாவது ஓட்டு. ஓடுற மெஷின் கெடாது, கட்டிப் போட்டாதான் கெடும்." ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் கட்டிப்போட்ட படகுகளைத் திரும்பக் கடலுக்கு அனுப்புகிறவர் அவர். எஞ்சினைவிட ஒயரிங் டெர்மினல்தான் அதிகம் படுத்தும் என்பார். ஓடும்போது பிறக்கும் சூடு ஈரத்தைத் தங்கவிடாது.

உப்போடு தூசும் உண்டு. முன்பெல்லாம் ராயபுரத்தில் சித்தி வீட்டு மொட்டை மாடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியில் கரிப்பொடி அப்பியிருக்கும். உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. அது எண்ணூரில் 2001-ல் திறந்த துறைமுகத்துக்குப் போனது. ராயபுரத்தின் துணி வெளுத்தது, எண்ணூரில் மனிதர்கள் இருக்கத்தானே செய்கிறார்கள்? கேபினெட்டின் முன்வாசலில் ஒரு பழைய கொசுவலைத் துண்டை ஒட்டியிருக்கிறோம். மாதத்துக்கு ஒருமுறை அதைத் தட்டும்போது விழுவதைப் பார்த்தால், இதே காற்றை வலை இல்லாமல் இழுக்கும் நெஞ்சுகள் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

*

மூன்றாம் நாள் அவள், "சித்தப்பா, டப்பாவைத் தொட்டா சுருக்குனு இருக்கு" என்றாள். பெயின்ட் இல்லாத பின்பக்கம் புறங்கையை வைத்துப் பார்த்தேன். எறும்பு ஊர்வது போல இருந்தது. டெஸ்டரை வைத்தால் விளக்கு மங்கலாக எரிந்தது.

மெஷினில் பழுது ஏதும் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட் தகரத்துக்குச் சின்ன கெபாசிட்டர்கள் இருக்கும். மின்சாரத்தின் இரைச்சலை எர்த்துக்கு அனுப்புவது அவற்றின் வேலை. எர்த் இல்லாவிட்டால் அது போக வழியில்லாமல் தகரத்திலேயே நிற்கும், 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி. கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு போகும். ஆனால் அதே வீட்டில் ஒரு கிரைண்டரின் ஒயர் உள்ளே தேய்ந்து ஃபேஸ் நேராகத் தகரத்தைத் தொட்டால், ஆளையே கொன்றுவிடும்.

சுவரிலிருந்த பிளக் பாயின்ட்டைக் கழற்றினோம். எர்த்துக்காக மேலே இருக்கும் பெரிய துளைக்குப் பின்னால் ஒயரே இல்லை. முப்பது வருஷமாக அந்த வீட்டில் ஃப்ரிட்ஜ், மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் எல்லாம் அந்த வெறும் துளையில் செருகித்தான் ஓடியிருக்கின்றன. பிளக்கில் அந்த மூன்றாவது முள்ளை மற்ற இரண்டைவிட நீளமாகச் செய்திருப்பது, உள்ளே போகும்போது முதலில் தொட வேண்டியது அது என்பதற்காக. எங்கள் வீட்டில் அது எதையும் தொடவில்லை.

எலக்ட்ரீசியன் வந்து வீட்டுப் பக்கவாட்டில் குழி தோண்டினார். மணல்தான், சீக்கிரம் இறங்கியது. எட்டடி ஜிஐ பைப்பை நட்டு, சுற்றிலும் கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு என்று போட்டு மூடினார். மணல் காய்ந்தால் மின்சாரத்தை வாங்காது, கரியும் உப்பும் ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்றார். கேட்டைத் தின்னும் அதே உப்பை அண்ணி சமையலறையிலிருந்தும் ஒரு பாக்கெட் கொண்டுவந்து குழியில் கொட்டினார்.

அன்றைக்கு ராத்திரி அவள் கேபினெட்டின்மேல் முழு உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

குழந்தைக்குக் கம்ப்யூட்டர் வாங்க நினைப்பவர்கள், முக்கியமாக இந்தக் கரையோரப் பழைய வீடுகளில் இருப்பவர்கள், ரிச்சி தெருவுக்குக் கிளம்பும் முன் ஒரு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு உங்கள் வீட்டுப் பிளக் பாயின்ட்டின் மூன்றாவது துளையைப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிஷ வேலை.