மாட்டுநோய் ஆராய்ச்சியுங் கொல்லாமையும்

ஓருயிரைக் காத்தற்பொருட்டு மற்றோருயிரைத் துன்புறுத்தல் அறமாகுமா என்னும் வினா, நூலினுள்ளே கிடக்கும்வரையில் எளிது. வகுப்பிலே ஒரு மாணவன் எழுந்து கேட்கும்போது எளிதன்று. சின்னாட்களுக்கு முன் யாம் மேல்வகுப்பு மாணவர்க்கு வெக்கைநோயின் வரலாற்றை எடுத்துரைத்தோம். உலகத்தினின்றும் முற்றாக ஒழிக்கப்பட்ட நோய்கள் இரண்டேயாம். ஒன்று மனிதரை வருத்திய பெரியம்மை, மற்றையது மாட்டினத்தை வருத்திய இவ்வெக்கை. ஆடுகளைப் பற்றிய பகுதி வந்தபோது, வீட்டில் ஆடு வளர்க்கும் ஒரு மாணவன், "ஐயா, அந்த ஆடுகள் செய்த குற்றம் என்ன?" என்று வினாவினான். பலவற்றைக் காத்தற்குச் சில என்று விடைகூறி அவனை இருத்தினோம். அவ்விடை அன்றிரவு எமக்கே போதாதாயிற்று. ஆசிரியராயுள்ளார் பிறர்க்கும் இவ்வினா வரக்கூடுமாதலின், இதனை ஈண்டு எழுதலாயினோம்.

வெக்கைநோய் இன்னதென்று இக்காலத்து இளைஞர் அறியார். காய்ச்சல் மிகும், கண்ணினின்றும் மூக்கினின்றும் நீர் வடியும், வாய் புண்ணாகும், பின்னர்க் கழிச்சல் கண்டு, உடல் நீர் வற்றி, ஒருவாரம் பத்துநாளில் மாடு வீழும். தீர்க்கும் மருந்து இல்லை. 1887 இல் இந்நோய் செங்கடற்கரை வழியாக எதியோப்பியாவினுட் புகுந்து, அந்நாட்டு மாடுகளிற் பத்தில் ஒன்பதை மாய்த்தது என்பர். உழவெருதின்றி நிலந் தரிசாயிற்று. 1888 முதல் 1892 வரை நிகழ்ந்த பஞ்சத்திலே குடிகளுள் மூன்றிலொரு பங்கினர் மாண்டனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. எருதின் சாவு உழவன் சாவாதலை இதனினுந் தெளிவாகக் காட்டுவது பிறிதில்லை.

அந்நோய் தெற்கே பரவித் தென்னாபிரிக்காவை அடைந்தபோது, சேர்மானிய அறிஞர் றொபேட் கொக் 1896 இன் இறுதியிற் கிம்பர்லி நகருக்கு வந்தார். நோயுற்ற மாட்டின் பித்தநீரை நலமுள்ள மாட்டின் தோலின்கீழ் ஏற்றினால் அது நோய்க்குத் தப்பும் என்று 1897 இல் அறிவித்தார். அப்பித்தநீரைப் பெறுதற்கு மாடுகளுக்கு வேண்டுமென்றே நோயை ஏற்றிக் கொல்லவேண்டியிருந்தது. பின்னர், இமயமலைச் சாரலிலே முக்தேசுவரம் ஆராய்ச்சிக்கூடத்தில் எட்வேட்சு என்பார், 1920 களில் நோய்க்கிருமியை ஆட்டிலிருந்து ஆட்டுக்குப் பன்முறை மாற்றினார். அவ்வாறு மாறிச்சென்ற கிருமி மாட்டுக்குக் கொடுமை குறைந்ததாயிற்று. காக்கும் ஆற்றலோ குறையவில்லை. நோயேற்றிய ஆட்டைக் கொன்று, அதன் மண்ணீரலை எடுத்து ஆக்கியதே மருந்து. அதனால் இந்தியாவில் எண்ணிறந்த மாடுகள் பிழைத்தன. மாணவன் கேட்டது இவ்வாடுகளைப் பற்றியே.

ஆங்கில நூல்களிற் பயின்ற எம்மனோர்க்கு முதலில் நாவில் வருவது பெந்தாம் என்பாரின் கணக்கு: மிகப் பலர்க்கு மிக்க நன்மை. விலங்கின் துன்பமும் அக்கணக்கில் ஏறவேண்டும் என்றவரும் அவரே. அது அவர் பெருமை. ஆயின், கணக்கில் ஏறிய ஆடு கூட்டிக் கழித்த மாத்திரத்தே மறைந்துபோகின்றது. மிச்சம் நன்மையென்று கண்டபின் கொன்றவனுக்குப் பொறுப்பொன்றும் எஞ்சவில்லை. எமக்கு உடன்பாடில்லாதது இதுவே. கடன்பட்டு வயலை மீட்டவன், வயல் மீண்டமையாற் கடன் தீர்ந்தவனாகான். இன்னும், மாட்டைக் காத்தது மாட்டின்பொருட்டோ என்றுங் கேட்டல் வேண்டும். உழவுக்கும் பாலுக்கும் இறைச்சிக்கும் உரிய உடைமையாகவே அதனைப் பெரும்பாலும் காத்தனர். சீவகாருணியம் என்று அதற்குப் பெயரிடுதல் சற்று மிகை.

நிற்க. ஒருபொழுதும் ஆகாது என்பாரும் விடைகூறக் கடமைப்பட்டவரே. கொல்லாமையைப் பேரறமாகக் கொண்ட நமக்கு அவ்வாறு சொல்லுதல் எளிது. சொல்லிக் கைகட்டியிருந்தால் ஆடு பிழைக்கும். தொழுவத்திலே மாடு வாய்நீர் ஒழுகக் கிடந்து சாகும். அச்சாவு எம் கையால் நிகழ்ந்ததன்று என்பது மெய். எம் அறிவுக்குப் புறம்பன்று என்பதும் மெய். தடுக்கும் வழி அறிந்தும் வாளாவிருந்தவனைக் கொல்லாதவன் என்று கூசாமற் சொல்லுதல் எம்மால் இயலாது. ஆராய்ச்சி இல்லாத காலத்திற் கொலையும் இல்லையென்று கருதற்க. 1711 இல் இத்தாலியில் இந்நோய் பரவத் தொடங்கியபோது, பாப்பரசரின் வைத்தியராகிய லன்சீசி, மாடுகளைக் கொன்று புதைத்தலையே வழியாகக் கூறினார். 1865 இற் பிரித்தானியாவிற் பரவியபோதும் கொலையே தீர்வாயிற்று.

ஆகவே, வேறு வழியில்லாதபோது ஆட்டைக் கொன்றமையை யாம் தவறென்று தள்ளோம்; குற்றமற்றதென்றுங் கொள்ளோம். அது பட்ட கடன். அடுத்தமுறை அவ்வாறு கடன்படாதிருக்கும் வழியைத் தேடினரா என்பதே ஆராய்ச்சியாளரை யாம் கேட்கத்தக்கது. வெக்கைநோயைப் பொறுத்தவரை தேடினர். கெனியாவில் முகுகா ஆராய்ச்சிக்கூடத்தில் வால்ற்றர் பிளவ்றைற் என்பார், கன்றின் சிறுநீரகக் கலங்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்து, அக்கலங்களிலே வைரசைத் தொண்ணூறு முறையளவு மாற்றி, 1960 ஐ அடுத்து ஒரு தடுப்புமருந்தை ஆக்கினார். ஒருமுறை ஏற்றினால் அது நீண்டகாலங் காத்தது. மருந்தின்பொருட்டு ஆடுகளைத் தொடர்ந்து கொல்லும் தேவை ஒழியலாயிற்று. கன்றொன்றும் இழக்கப்படவில்லை என்று யாம் சொல்லவில்லை; இழப்புக் குறைந்தது என்கின்றோம். அக்காலத்திலேயே, 1959 இல், இரசல், பேர்ச்சு என்னும் ஆங்கிலேயர் இருவர், ஆராய்ச்சியில் விலங்குக்குப் பதிலாக வேறொன்றைக் கொள்ளல், கொள்ளும் எண்ணிக்கையைக் குறைத்தல், வேதனையைத் தணித்தல் என முறைவகுத்து நூல் எழுதினர். வெக்கைநோய் கடைசியாக 2001 இற் கெனியாவிற் காணப்பட்டது. 2011 இல் உலகில் இல்லையென்று அறிவிக்கப்பட்டது.

மறுநாள் அம்மாணவனை அழைத்து, முன்னாட் கூறியது அரைவிடை என்று ஒப்புக்கொண்டு, இவற்றைச் சொன்னோம். அவன் சிறிது நின்று, அவ்வாடுகள் எத்தனை என்று எங்கேனும் எழுதியிருக்கின்றதா என்றான். எமது பாடக்குறிப்பை எடுத்துப் பார்த்தோம். கொக்கின் பெயர் இருந்தது. பிளவ்றைற்றின் பெயர் இருந்தது. ஆட்டைப் பற்றி ஒரு வரியே இருந்தது, அதுவும் மண்ணீரலைப் பற்றியது.