எல்லாம் தெரிஞ்ச நாரதர் ஏன் கலங்கினார்? கந்தன் சொன்ன பதில்

ஓம் சரவணபவ!



போன கிருத்திகை அன்னைக்கு ஒரு தம்பி எனக்கு ஒரு கேள்வி அனுப்பினார். "அண்ணா, அத்வைதம் 'நீதான் அந்தப் பரம்பொருள்'னு சொல்லுது. அது உண்மைன்னா நான் எதுக்கு விரதம் இருக்கணும்? யாரைக் கும்பிடணும்? முருகன் வெறும் ஆரம்பப் பாடம்தானா?"

கேள்வியில கிண்டல் இல்ல. நிஜமாவே குழம்பிப் போய்தான் கேட்டிருந்தார். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நானும் இதே இடத்துல நின்னவன். அதனால ஒரு வரியில பதில் அனுப்பாம பதிவாவே எழுதுறேன். கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

*வேலை போன கதை*

அப்போ ஒரு கம்பெனியில நாலு வருஷமா வேலை பார்த்துக்கிட்டிருந்தேன். ஒரு நாள் காலையில பத்து நிமிஷ மீட்டிங். ஆட்குறைப்புன்னு சொன்னாங்க. மதியத்துக்குள்ள லேப்டாப், ஐடி கார்டு எல்லாம் திருப்பிக் கொடுத்தாச்சு. வீட்டுல சொல்ல வாய் வரல. பதினோரு நாள், வழக்கம்போல பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பி வடபழனி கோயில்ல போய் உட்கார்ந்திருப்பேன். நடை சாத்தினதும் எங்கேயாவது சுத்திட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போவேன். "முருகா, ஒரு வேலை குடு"ன்னு கேட்டது ஒரு பக்கம். ஆனா உள்ளே அரிச்சது வேற. ஐடி கார்டு இல்லாத நான் யாருன்னு எனக்கே தெரியல.

எந்த இன்டர்வியூவுக்குப் போனாலும் முதல் கேள்வி ஒண்ணுதான்: "உங்களைப் பத்திச் சொல்லுங்க." நானும் மனப்பாடமா ஒப்பிப்பேன். ஜாவா தெரியும், பைத்தான் தெரியும், டேட்டாபேஸ் தெரியும், கிளவுட் தெரியும். அவங்க கேட்டது என்னைப் பத்தி. நான் சொன்னது எனக்குத் தெரிஞ்சதைப் பத்தி. இந்த வித்தியாசம் அப்போ எனக்கு உறைக்கல. உறைக்க வெச்சது சாந்தோக்கிய உபநிஷத்து.

*நாரதர் கொடுத்த பட்டியல்*

சாந்தோக்கியம் சாம வேதத்தைச் சேர்ந்தது. மொத்தம் 8 அத்தியாயங்கள். தம்பி சொன்ன 'நீயே அது' என்ற மகாவாக்கியம் 6-ஆம் அத்தியாயத்தில், உத்தாலகர் தன் மகன் சுவேதகேதுவுக்குச் செய்யும் உபதேசமாக வருகிறது. அதற்கு அடுத்த அத்தியாயம்தான் நாரதர் கதை.

நாரதர் சனத்குமாரரிடம் போய் "எனக்கு உபதேசம் பண்ணுங்க"ன்னு கேட்கிறார். அவரோ, "முதல்ல உனக்கு என்ன தெரியும்னு சொல்லு, அதுக்கு மேல நான் சொல்றேன்" என்கிறார். பாருங்க, அதே இன்டர்வியூதான்! நாரதர் அடுக்குகிறார்: நாலு வேதம், இதிகாச புராணம், இலக்கணம், கணிதம், தர்க்கம், போர்க்கலை, வானசாஸ்திரம், பாம்பு பத்தின வித்தை வரைக்கும். பட்டியல் முடிஞ்சதும் அவரே ஒண்ணை ஒப்புக்கிறார். தனக்கு வார்த்தைகள்தான் தெரியும், ஆத்மா தெரியாது; ஆத்மாவை அறிஞ்சவன் சோகத்தைத் தாண்டுவான்னு பெரியவங்க சொல்லக் கேட்டிருக்கேன், ஆனா நான் சோகத்துலதான் இருக்கேன், கரை சேர்த்துவிடுங்கன்னு கேட்கிறார்.

இந்த இடத்தைப் படிச்சப்போ நான் புத்தகத்தை மூடி வெச்சுட்டேன். தேவரிஷிக்கே இந்த நிலைமைன்னா, நம்ம கதி என்ன?

சனத்குமாரர் ஆறுதல் சொல்லல. நீ படிச்சது எல்லாமே வெறும் பெயர்தான்னு ஒரே போடா போடுறார்.

கோடு எழுதுறவங்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். ராத்திரி பூரா ஒரு பிழையைத் தேடுவோம். வரி வரியா மாத்திப் பார்ப்போம், ஒண்ணும் நடக்காது. விடியிற நேரத்துலதான் தெரியும், நாம திறந்து வெச்சிருக்கிறதே வேற ஃபைல்னு. நாரதர் கஷ்டம் அதுதான். அறிவு குறைவு இல்ல. தேடின இடம் வேற.

*இதைவிடப் பெரியது உண்டா?*

அடுத்து நடக்கிறதுதான் அழகு. சனத்குமாரர் நேரா உச்சிக்குத் தூக்கிட்டுப் போகல. பெயரில் ஆரம்பிச்சு படிப்படியா ஏத்துறார். பெயரைவிடப் பெரியது வாக்கு. அதைவிட மனம். அப்புறம் சங்கல்பம், சித்தம், தியானம், விஞ்ஞானம், பலம், அன்னம், நீர், தேஜஸ், ஆகாசம், நினைவு, ஆசை, கடைசியா பிராணன். மொத்தம் 15 படி. ஒவ்வொரு படியிலும் நாரதர் கேட்கிறது ஒரே கேள்வி: இதைவிடப் பெரியது ஏதாவது உண்டா?

எந்தப் படியையும் குரு பொய்னு தள்ளல. ஒவ்வொண்ணையும் பிரம்மமா உபாசிக்கச் சொல்றார், அந்த உபாசனை எவ்வளவு தூரம் கொண்டுபோகும்னும் சொல்றார். தம்பி, உன் கேள்விக்கு முதல் பாதி பதில் இங்கேயே இருக்கு. விரதமும் காவடியும் பொய்யான படி இல்ல. அங்கேயே உட்கார்ந்துட்டா மட்டும்தான் பிரச்சினை.

இப்போ ஒண்ணைக் கவனிங்க. பிராணன் வரைக்கும் வந்ததும் நாரதர் கேட்கிறதை நிறுத்திடுறார். உயிரைவிடப் பெரியது என்ன இருக்கப் போகுது, இதுதான் முடிவுன்னு நினைச்சிட்டார். கேள்வி நின்ன பிறகும் குரு நிறுத்தல. தானாவே மேலே சொல்ல ஆரம்பிக்கிறார். சீடன் பாதியில திருப்தியாகி நிக்கிறான், அவனை அப்படியே விடக்கூடாதுங்கிற கருணைதான் இதுக்குக் காரணம்னு சங்கரர் தன் பாஷ்யத்துல விளக்குறார்.

நாம கேட்கிறதை நிறுத்தின இடத்துக்கு அப்புறமும் கூட்டிட்டுப் போறவன்தான் குரு. நான் வடபழனியில கேட்டது வேலை மட்டும்தான்.

*பூமா: எல்லையில்லாத நிறைவு*

குரு சேர்க்கிற இடத்துக்குப் பேர் 'பூமா'. எல்லையில்லாத நிறைவுன்னு அர்த்தம். அளவுக்கு உட்பட்ட எதிலும் சுகம் இல்ல, பூமாதான் சுகம் என்கிறது உபநிஷத்து. எங்கே வேற ஒண்ணைப் பார்க்கவோ கேட்கவோ அறியவோ இல்லையோ, அதுதான் பூமா. வேற ஒண்ணு இருக்குன்னு தெரியிற வரைக்கும் எல்லாமே அளவுக்குள்ள அடங்கினது, அழியக்கூடியது.

அது எதை ஆதாரமா வெச்சு நிக்குதுன்னு நாரதர் கேட்கிறார். தன் மகிமையிலேயே நிக்குது. இல்ல, அந்த மகிமையைக்கூட ஆதாரமா வெச்சுக்கலன்னு பதில் வருது. உலகத்துல மாடு, குதிரை, தங்கம், நிலம், வீடு இதையெல்லாம் மகிமைன்னு சொல்றாங்களே, அந்த மாதிரி ஒண்ணை நம்பி இன்னொண்ணு நிக்கிற கதை இல்ல இது. ஐடி கார்டை நம்பி நின்ன எனக்கு இது எங்கே குத்தியிருக்கும்னு உங்களுக்கே புரியும்.

அப்புறம் மூணு அடி வெக்கிறார். கீழே, மேலே, முன்னே, பின்னே எல்லாம் பூமாதான் என்கிறது முதல் அடி. பூமா எங்கேயோ தூரத்துல இருக்கிற ஒண்ணுன்னு நினைச்சிடுவோம் இல்லையா? அதனால ரெண்டாவது அடியில, கீழே மேலே எல்லாம் 'நான்'தான் என்கிறார். உடனே நாம 'நான்'னா இந்த உடம்பு, இந்தப் பேர், இந்த அகங்காரம்னு எடுத்துக்குவோம். அதனால மூணாவது அடியில, எல்லாம் ஆத்மாதான்னு முடிக்கிறார்.

அதனாலதான் அத்வைதத்தை அரைகுறையாக் கேட்டுட்டு "நானே முருகன்"னு சொல்லிக்கிட்டுத் திரியிறது ஆபத்து. அது ரெண்டாவது அடியிலயே வழுக்கி விழுந்த ஆளோட பேச்சு. மூணாவது அடியில அந்த 'நான்' தலை தூக்க இடமே இல்ல.

*அம்மா சொன்ன உபதேசம்*

ஆத்மான்னா என்னன்னு புரியறதுக்கு நம்ம தமிழையே கவனிங்க. என் வேலை, என் உடம்பு, என் மனசு என்கிறோம். என் சட்டைன்னு சொன்னா சட்டை நான் இல்ல. அப்போ என் மனசுன்னு சொல்றப்போ, அந்த மனசை அறியிற ஒண்ணு இருக்கு. பயம் வந்தா பயம் வந்ததும் தெரியுது, போனா போனதும் தெரியுது. வந்து போறது மாறிக்கிட்டே இருக்கு. தெரியிறது மட்டும் மாறல. அந்த அறிவைத்தான், அந்த உணர்வைத்தான் வேதாந்தம் சாட்சின்னு சொல்லுது.

பன்னிரண்டாவது நாள் அம்மாகிட்ட உடைச்சுச் சொல்லிட்டேன். திட்டுவாங்கன்னு பார்த்தா, சாதம் போட்டுக்கிட்டே, "வேலைதானேடா போச்சு, நீ இருக்கல்ல"ன்னாங்க. அவங்க உபநிஷத்து படிச்சவங்க இல்ல. ஆனா போனது எது, இருக்கிறது எதுன்னு ஒரே வரியில பிரிச்சுக் காட்டிட்டாங்க.

திருச்சுழியில 1879-ல பிறந்த வெங்கட்ராமன்கிற பையனும் இதைத்தான் தனக்குள்ள பிரிச்சுப் பார்த்தான். 1896-ல மதுரையில, சித்தப்பா வீட்டு மாடியில, திடீர்னு சாவு பயம் வந்தப்போ அவனுக்கு 16 வயசு. ஓடல, யாரையும் கூப்பிடல. செத்த உடம்பு மாதிரி விறைப்பாப் படுத்து, சாகிறது உடம்புதானே, 'நான்' சாகிறேனான்னு உள்ளே பார்த்தான். சில வாரங்கள்ல, 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். அவர்தான் ரமண மகரிஷி. அங்கே பாதாள லிங்கத்துல தன்னை மறந்து கிடந்தவரைத் தூக்கிட்டு வந்து உட்கார வெச்சது எங்கே தெரியுமா? கோயில்ல இருந்த சுப்ரமணியர் சன்னதியில. பின்னாடி காவ்யகண்ட கணபதி முனி அவரை முருகனோட அவதாரமாவே போற்றினார்.

*அந்த குரு யார்?*

இப்போ தம்பி கேள்விக்கு மீதி பாதி பதில். நாரதருக்கு உபதேசம் பண்ணின அந்த சனத்குமாரர் யாரு? 7-ஆம் அத்தியாயம் முடியிற இடத்துல உபநிஷத்தே சொல்லுது: இருளுக்கு அக்கரையைக் காட்டின அந்த சனத்குமாரரைத்தான் 'ஸ்கந்தன்'னு சொல்றாங்கன்னு. ஆமாங்க, கந்தன்! நம்ம கந்தன் பேர்லதான் அந்த அத்தியாயமே முடியுது.

அதனால அத்வைதம் ஒரு பக்கம், முருகன் இன்னொரு பக்கம்னு நிக்க வெக்காதீங்க. அந்தப் பாடத்தை நடத்துறவனே அவன்தான். கும்பிடுறவன் யாருன்னு தெரியிற வரைக்கும் கும்பிடுங்க. தெரிய வெக்கிறது அவன் பொறுப்பு.

*நாம என்ன செய்யலாம்?*

அதே இடத்துல ஒரு வழியும் இருக்கு. ஆகாரம் சுத்தமானா மனசு சுத்தமாகும். மனசு சுத்தமானா நினைவு நிலைக்கும். நினைவு நிலைச்சா முடிச்சுகள் எல்லாம் அவிழும். ஆகாரம்னா சாப்பாடு மட்டும் இல்ல, புலன்கள் வழியா உள்ளே போற எல்லாமும்தான்னு சங்கரர் சொல்றார். கிருத்திகைக்குச் சாப்பாட்டை விட்டுட்டு நாள் பூரா ரீல்ஸ் பார்த்தா விரதம் பாதிதான். அடுத்த விரதத்துக்குக் கண்ணுக்கும் காதுக்கும் சேர்த்து இருந்து பாருங்க.

இன்னொண்ணு. தரிசனம் முடிஞ்சதும் பிராகாரத்துல கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போகணும்னு வீட்டுல பெரியவங்க சொல்வாங்க. அந்த அஞ்சு நிமிஷம் போனை எடுக்காதீங்க. எதையும் கேட்காதீங்க. கவலை வந்தா, "இந்தக் கவலை தெரியிறது யாருக்கு?"ன்னு மட்டும் பாருங்க. பதில் வார்த்தையா வர வேண்டாம். பார்க்கிறதே போதும்.

எனக்கு அஞ்சு மாசம் கழிச்சு வேலை கிடைச்சது. முருகன் அருள்தான். ஆனா நான் நன்றி சொல்றது அதுக்கு மட்டும் இல்ல. இந்த வேலையும் ஒரு நாள் போகலாம். அன்னைக்கும் ஐடி கார்டைத்தான் திருப்பிக் கொடுப்பேன், என்னை இல்லங்கிற தைரியம் கொஞ்சம் வந்திருக்கு. முழுசா வந்துடுச்சுன்னு சொன்னா அது பொய். இன்னும் படியிலதான் நிக்கிறேன். கேட்கிறதை மட்டும் நிறுத்தல.

வேலை போய், ரிசல்ட் சரியில்லாம, மனசு உடைஞ்சு யாராவது உங்க பக்கத்துல இருந்தா இதை அவங்களுக்கு அனுப்புங்க. கூடவே, "நீ இருக்கல்ல"ன்னு ஒரு வார்த்தையும் சொல்லுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
வேலும் மயிலும் துணை.