தந்தியின் உயரம்

அக்கூஸ்டிக் கிதார் பழகுபவரின் விரல் நோவதற்குப் பழக்கக் குறைவு மட்டும் காரணமல்ல; தந்திகள் தேவைக்கு மேல் உயர்ந்து நிற்பதும்தான். எஃகுத் தந்திக் கிதாரில், 12ஆம் ஃப்ரெட்டின் மேல் தடித்த தந்திக்குச் சுமார் 2.5 மி.மீ., மெல்லிய தந்திக்குச் சுமார் 2 மி.மீ. இடைவெளி போதும்.

சரிசெய்வதில் வரிசை முக்கியம். முதலில் சுருதி சேர்த்துவிட்டுக் கழுத்தின் வளைவைப் பார்க்க வேண்டும். ஒரு தந்தியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்திலும் அழுத்தினால் நடுவில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். அது கூடுதலாக இருந்தால், கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராடை வலப்புறமாகச் சிறிது முறுக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது. பிறகு மீண்டும் சுருதி சேர்த்து அளக்க வேண்டும். இங்கே பலத்தைக் காட்டினால் கழுத்தே பாழாகிவிடும்.

அதன் பிறகே சாடில். பிரிட்ஜில் செருகியிருக்கும் அந்தத் துண்டை எடுத்து, சமதளத்தில் விரித்த உப்புத்தாளில் அதன் அடிப்பக்கத்தைத் தேய்க்கலாம். 12ஆம் ஃப்ரெட் தந்தியின் நடுப்புள்ளி என்பதால், சாடிலில் 1 மி.மீ. குறைத்தால் அங்கே அரை மி.மீ.தான் இறங்கும். தேய்ந்தது திரும்ப வளராது. கொஞ்சம் தேய்த்து, மாட்டிப் பார்த்து, மறுபடி தேய்ப்பதே முறை.

தலைப்பக்க நட்டில் தந்திகள் அமரும் பள்ளங்களை ஆழமாக்கத் தந்தியின் தடிமனுக்கேற்ற தனி அரங்கள் வேண்டும். அந்த வேலையைக் கைதேர்ந்தவரிடம் விடுவதே நல்லது.