ஆறுதலை மறுத்த தாய்



மார்கழி 28ஆம் நாள் மாசில்லாக் குழந்தைகளின் திருநாள். பாலன் பிறப்புப் பலகாரம் தீருமுன்னே திருச்சபை நம்மை ஏரோதின் வாளுக்கு முன் கொண்டுபோய் நிறுத்துகிறது.

1510ஆம் ஆண்டை ஒட்டி ஓவியர் இரபாயேல் இக்காட்சியைத் தாளில் வரைந்தார். மார்க்கந்தோனியோ என்பவர் அதைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார். நடுவில் ஒரு தாய் குழந்தையை அணைத்தபடி, அலறிக்கொண்டு நம்மை நோக்கியே ஓடி வருகிறாள். பின்னால் தெரிவதோ பெத்லகேம் அன்று, உரோமை நகரத்துப் பாலம்! தம் ஊரிலேயே அவளை ஓடவிட்டார் ஓவியர்.

அத்தாய்மாரின் அழுகையை மத்தேயு இராக்கேலின் அழுகை என்கிறார். யாக்கோபின் மனைவி இராக்கேல், பெஞ்சமினைப் பெற்றபோதே இறந்தவள். பல நூற்றாண்டுகளுக்குப் பின் பாபிலோனியப் படை எருசலேமை அழித்து, சிறைப்பட்டோரை விலங்குடன் இராமாவில் நிறுத்தியது. அந்த இராமாவிலே அவள் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் பெற மறுக்கிறாள் என்று எரேமியா பாடினார். அடுத்த வசனத்திலேயே ஆண்டவர், பிள்ளைகள் திரும்பி வருவர் என்று வாக்களிக்கிறார். மத்தேயு அந்த வசனத்தை எடுத்தாளவில்லை. அழுகையோடு நிறுத்திக்கொண்டார். குருமடத்தில் படித்த காலத்தில் இதை நான் கவனித்ததே இல்லை.

கவனிக்க வைத்தவள் ஹேவாஹெட்டப் பக்கத்து லயமொன்றில் இருக்கும் ஒரு தாய். 1977 கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்களுள் அவளுடையதும் ஒன்று. 2009இல் மகன் காணாமற்போனான். அவள் தனியாகத் திரும்பி வந்தாள். “கடவுள் சித்தம் அம்மா, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்” என்றேன்.

“சாமி, அவன் செத்ததை நீங்க பாத்தீங்களா?” என்றாள்.

என்னிடம் பதில் இல்லை.

யாழ்ப்பாணத்தில் 1984இலும் தெற்கில் 1990இலும் அன்னையர் முன்னணிகள் எழுந்தன. தமிழ்த் தாயும் சிங்களத் தாயும் கேட்டது ஒரே கேள்வி: என் பிள்ளை எங்கே? கிளிநொச்சியில் 2017 மாசி 20ஆம் நாள் கந்தசுவாமி கோயில் முன் பெற்றோர் அதே கேள்வியோடு அமர்ந்தார்கள். பதில் கிடைக்காமலே அவர்களுட் பலர் இறந்தும் போனார்கள். இவர்களைப் பார்த்து, மறந்துவிடுங்கள் என்று உபதேசிக்கிறோம். இராக்கேலை ஆண்டவர் கடிந்துகொண்டதாக வேதத்தில் எங்கே இருக்கிறது?

அடுத்த முறை அந்த லயத்துக்குப் போனபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. வெறுந்தேநீர் ஊற்றித் தந்தாள். மகன் சின்ன வயதில் பூசைக்கு மணி அடித்ததைப் பற்றி இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தாள்.